மூன்று ஒலிவாங்கிகளும் ஒரு வாக்கியமும்: ‘தி கான்வர்சேஷன்’

சான் பிரான்சிஸ்கோ நகரின் யூனியன் சதுக்கத்தை வெகு உயரத்திலிருந்து பார்க்கும் காட்சியோடு இந்தப் படம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸை ஒட்டிய ஒரு நண்பகல். உணவு இடைவேளைக்கு வெளியே வந்தவர்கள் சதுக்கத்தில் உலாவுகிறார்கள். தெருவோர இசைக்குழு ஒன்று வாசிக்கிறது. முகத்தில் வெள்ளை பூசிய ஊமைக்கூத்துக் கலைஞர் ஒருவர் போவோர் வருவோரைப் பின்தொடர்ந்து அவர்களுடைய நடையை நடித்துக் காட்டுகிறார். கேமரா ஏறத்தாழ மூன்று நிமிடம், வெட்டே இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டத்தை நெருங்குகிறது. இடையிடையே காதைக் கீறும் மின்னொலி ஒன்று குறுக்கிடுகிறது. யாரோ யாரையோ ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அந்த ஒலியால்தான் நமக்கு முதலில் தெரியவருகிறது.

பிரான்சிஸ் ஃபோர்ட் கப்போலா எழுதி இயக்கிய ‘தி கான்வர்சேஷன்’ 1974ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியானது. அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவின் உயரிய பரிசைப் பெற்றது. சிறந்த படம், சிறந்த மூலத் திரைக்கதை, ஒலி ஆகிய மூன்று பிரிவுகளில் ஆஸ்கருக்கும் முன்மொழியப்பட்டது. ஆனால் சிறந்த படத்துக்கான விருது கப்போலாவே எடுத்த ‘தி காட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்துக்குப் போனது. இரண்டு பெரிய படங்களுக்கு நடுவில் பிறந்த காரணத்தால், இயக்குநரின் பெயரைச் சொன்னவுடன் நினைவுக்கு வரும் படமாக இது இன்றும் ஆகவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தில் இறக்கும் வேலையைச் சில ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில், கேட்டல் என்ற செயலை இவ்வளவு நுணுக்கமாகவும் இவ்வளவு மனக்கவலையோடும் காட்டிய வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை.

கதையின் மையம் ஹாரி கால். பணம் வாங்கிக்கொண்டு பிறர் பேச்சைப் பதிவுசெய்து கொடுப்பது அவனுடைய தொழில். அந்தத் தொழிலில் அவனுக்கு நிகர் இல்லை என்று சக தொழிலாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். சதுக்கத்தில் சுற்றிச் சுற்றி நடக்கும் ஓர் இளம் இணையின் பேச்சைப் பதிவுசெய்ய அவன் மூன்று ஒலிவாங்கிகளை ஏற்பாடு செய்திருக்கிறான். இரண்டு, துப்பாக்கியைப் போலக் குறிபார்த்துத் தொலைவிலிருந்து இயக்கப்படுபவை. மூன்றாவது, கூட்டத்துக்குள் கையில் பையோடு நடக்கும் ஓர் ஆளிடம் இருக்கிறது. அருகில் நிற்கும் வேனில் உதவியாளன் ஸ்டான் உட்கார்ந்திருக்கிறான். இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றையும் படம் பொறுமையாகக் காட்டுகிறது. கண்காணிப்புத் தொழிலில் புகழ்பெற்ற ஹால் லிப்செட் தொழில்நுட்ப ஆலோசகராக இருந்ததன் பலன் அந்தக் காட்சிகளில் தெரிகிறது.

ஊரார் பேச்சையெல்லாம் கேட்பவன் தன்னைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியக்கூடாது என்று நினைக்கிறான். வீட்டுக் கதவில் பல பூட்டுகள். ஆயினும் ஒருநாள் வீடு திரும்பும்போது, வீட்டுக்காரம்மா வைத்துவிட்டுப் போன பிறந்தநாள் பரிசு உள்ளே இருக்கிறது. அன்போடு வைக்கப்பட்ட ஒரு புட்டி மது அவனை நடுங்க வைக்கிறது. உடனே அந்த அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, வீடு தீப்பற்றினால் எரிந்துபோவதற்குத் தன்னிடம் சொந்தமென்று எதுவும் இல்லை, சாவிகளைத் தவிர மதிப்புள்ள பொருளே இல்லை என்று மிகப் பணிவாகச் சொல்கிறான். ஒரு மனிதனின் வெறுமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் அவ்வப்போது போய்ப் பார்க்கும் ஏமி என்ற பெண்ணோ, சாவியை ஓசையில்லாமல் நுழைத்துவிட்டுத் திடீரென்று கதவைத் திறக்கும் அவனுடைய வழக்கத்தைச் சொல்லிக் காட்டுகிறாள். தன்னையும் அவன் வேவு பார்ப்பதை அவள் அறிந்தே இருக்கிறாள்.

படத்தின் உயிர், ஹாரி தன் பட்டறையில் மூன்று நாடாக்களையும் ஒருசேர ஓடவிட்டு உரையாடலைக் கட்டியெழுப்பும் பகுதியில் இருக்கிறது. ஒரு நாடாவில் விட்டுப்போன சொல் இன்னொன்றில் கிடைக்கிறது. பின்னோக்கி ஓட்டுகிறான், நிறுத்துகிறான், மீண்டும் ஓட்டுகிறான். கிறிஸ்துமஸுக்கு என்ன பரிசு வாங்குவது என்ற பேச்சு, இருக்கையில் படுத்துறங்கும் முதியவரைப் பார்த்து, இவரும் ஒரு காலத்தில் ஒரு தாயின் குழந்தையாகத்தானே இருந்திருப்பார் என்று அந்தப் பெண் இரங்கும் பேச்சு, இப்படிச் சாதாரணச் சொற்களே முதலில் கேட்கின்றன. நடுவில் மத்தள ஒலியில் ஒரு வாக்கியம் மட்டும் மூழ்கிக் கிடக்கிறது. தானே செய்த கருவி ஒன்றைக் கொண்டு அவன் அந்த ஒலியை விலக்க, வாக்கியம் மேலே வருகிறது: “சந்தர்ப்பம் கிடைத்தால் அவர் நம்மைக் கொன்றுவிடுவார்.” எழுத்தாக்க வேலையில் ஒரே ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்கு, அந்தச் சொல் பிடிபடும் கணத்தின் மகிழ்ச்சி தெரியும். ஹாரியின் முகத்தில் முதலில் அந்த மகிழ்ச்சிதான் வருகிறது. அதன் பொருள் உறைக்கப் பிறகு சில நொடிகள் ஆகின்றன.

அங்கிருந்து தொழில் பித்தாக மாறுகிறது. முன்பு நியூயார்க்கில் அவன் செய்த ஒரு பதிவின் விளைவாக ஒரு குடும்பமே கொல்லப்பட்டிருக்கிறது. என்ன பேசுகிறார்கள் என்பது தனக்குத் தேவையில்லை, பதிவு நன்றாக இருந்தால் போதும் என்று ஸ்டானிடம் எரிந்துவிழுபவன், உள்ளூர அந்தப் பழியைச் சுமந்துகொண்டிருக்கிறான். கத்தோலிக்கனான அவன் தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது, காசு கொடுக்காமல் செய்தித்தாள் எடுத்தது போன்ற சிறு பாவங்களில் தொடங்கித் தயங்கித் தயங்கி இந்த இளம் இணையின் பேச்சுக்கு வருகிறான். தான் எதற்கும் பொறுப்பில்லை என்ற ஒரு வரியோடு அதை முடிக்கவும் பார்க்கிறான். பதிவுக்குப் பணம் கொடுக்கும் நிறுவன இயக்குநரின் அலுவலகத்தில், நாடாக்களைக் கேட்டு வாங்க முயலும் மார்ட்டின் ஸ்டெட் என்ற உதவியாளரிடம் அவற்றைக் கொடுக்க மறுக்கிறான். 15,000 டாலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாடாக்களோடு வெளியேறுகிறான். இந்த இரண்டு உயிர்களையாவது காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் அவனைப் பிடித்துக்கொள்கிறது.

இனி வருவது முடிவைப் பற்றியது. படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இங்கே நிறுத்திவிட்டுப் பார்த்த பிறகு திரும்பி வரலாம். முடிவைத் தொடாமல் இந்தப் படத்தின் திறனை விளக்க என்னால் இயலவில்லை.

ஹோட்டலின் 773ஆம் அறையில் கொலை நடக்கிறது. ஆனால் செத்தவர் பதிவுக்குப் பணம் கொடுத்த நிறுவன இயக்குநர். கொன்றவர்கள், ஹாரி இரங்கிய அந்த இருவர். அப்போது அதே வாக்கியம் மீண்டும் ஒருமுறை அவன் காதில் ஒலிக்கிறது. முதல் முறை அழுத்தம் ‘கொன்றுவிடுவார்’ என்பதில் இருந்தது. இப்போது ‘நம்மை’ என்பதில் விழுகிறது. அவர் நம்மைக் கொல்லும் முன்பு நாம் முந்திக்கொள்ள வேண்டும் என்பதே அந்தப் பேச்சின் உட்பொருள். மூன்று ஒற்றர் சொல்லும் ஒத்துவந்தால் நம்பலாம் என்று நம் முன்னோர் வகுத்தார்கள். ஹாரியின் மூன்று ஒலிவாங்கிகளும் ஒத்த சொல்லையே தந்தன. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. அச்சத்தோடும் குற்றவுணர்வோடும் கேட்ட ஒரே ஒரு காது, அந்தச் சொல்லின் ஏற்ற இறக்கத்தைத் தன் போக்கில் எடுத்துக்கொண்டது.

தமிழில் இந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது ஒரு சிக்கல் எதிர்ப்படுகிறது. ஆங்கிலம் குரலின் அழுத்தத்தால் மட்டும் காட்டும் வேறுபாட்டை நாம் பெரும்பாலும் இடைச்சொல்லால் காட்டுகிறோம். ‘கொன்றேவிடுவார்’ என்றால் தேற்றம், அதாவது உறுதி. ‘நம்மையே கொன்றுவிடுவார்’ என்றால் பொருள் வேறு பக்கம் திரும்புகிறது. ‘தான்’ சேர்த்து ‘நம்மைத்தான்’ என்றால் இன்னும் வெளிப்படை. ஆகவே இந்த வரியைத் தமிழில் துணைத்தலைப்பாகப் போடுபவர் ஓர் ஏகாரத்தைச் சேர்த்தால் முடிவைக் காட்டிக்கொடுத்தவராவார். சேர்க்காவிட்டால், கடைசியில் என்ன மாறியது என்பதே வாசிப்பவருக்குத் தெரியாமல் போகும். எந்த மொழித் துணைத்தலைப்பை வைத்துக்கொண்டாலும், அந்த வரி வரும் இடங்களில் எழுத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டுக் குரலைக் கேளுங்கள் என்று நான் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

இது பார்வையாளரை ஏமாற்றும் உத்தி என்று சிலர் குறைப்படுவதுண்டு. அவர்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது: முதலில் கேட்பதும் கடைசியில் கேட்பதும் ஒரே பதிவு அல்ல. அந்த இணையில் மார்க் என்ற இளைஞனாக நடித்த ஃபிரெடெரிக் ஃபாரெஸ்டின் குரலை மீண்டும் பதிவுசெய்தபோது, ஒருமுறை அழுத்தம் இடம் மாறி விழுந்தது. பிழையென்று ஒதுக்கி வைத்த அந்தப் பதிவைத்தான் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் பிறகு முடிவில் வைத்தார். எனக்கு இது ஏமாற்றாகப் படவில்லை. படம் முழுவதும் நாம் ஹாரியின் காதைத்தான் கடன் வாங்கிக் கேட்கிறோம். அவன் கேட்ட விதம் மாறும்போது நாம் கேட்பதும் மாறுகிறது. அச்சத்தோடு கேட்பவன் அச்சத்தையே கேட்பான் என்பதை வசனமாகச் சொல்லியிருந்தால் ஒரு வரியில் முடிந்து மறந்தும் போயிருக்கும்.

மர்ச்சைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். கப்போலா காட்ஃபாதர் இரண்டாம் பாகத்தின் வேலைக்குப் போய்விட, படத்தொகுப்பையும் ஒலியையும் அவரே சுமந்து இந்தப் படத்துக்கு வடிவம் கொடுத்தார். ஒலி இங்கே காட்சிக்குத் துணையாக வருவதில்லை, கதையையே அது நடத்திச் செல்கிறது. டேவிட் ஷையர் பெரும்பாலும் தனிப் பியானோவை மட்டும் வைத்து அமைத்த இசை, கூட்டத்தில் தனியாக நடப்பவனின் காலடி போல, சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத் திரும்பி வருகிறது.

ஹாரியாக நடிக்கும் ஜீன் ஹேக்மன் சினமும் வேகமும் உள்ள பாத்திரங்களுக்குப் பெயர்பெற்றவர். இங்கே மங்கிய மழைக்கோட்டுக்குள் தன்னை முழுக்க மடித்து வைத்துக்கொள்கிறார். யாராவது தனிப்பட்ட கேள்வி கேட்டால் அவர் கண்கள் வழி தேடுவதைக் கவனியுங்கள். அவர் 2025 பிப்ரவரியில் காலமானபோது நான் மீண்டும் எடுத்துப் பார்த்தது இந்தப் படத்தைத்தான். ஸ்டானாக வரும் ஜான் கசாலே நடித்த முழுநீளப் படங்கள் மொத்தமே ஐந்து. ஐந்துமே சிறந்த படத்துக்கான ஆஸ்கருக்கு முன்மொழியப்பட்டவை. மார்ட்டின் ஸ்டெட்டாக வரும் இளம் ஹாரிசன் ஃபோர்டு, புன்னகையோடு அச்சுறுத்துகிறார்.

படம் வந்த காலத்தில், எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஒட்டுக்கேட்புக் கருவி வைக்க முயன்ற வாட்டர்கேட் விவகாரம் நாடெங்கும் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகினார். அதைப் பார்த்துத்தான் எழுதினார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கப்போலா இந்தக் கதையை எழுதத் தொடங்கியது 1960களில்.

குறைகள் இல்லாமல் இல்லை. நடுப்பகுதியில் பட்டறையில் நடக்கும் விருந்துக் காட்சி நீளம். போட்டித் தொழிலாளி மோரன், பரிசாகக் கொடுத்த பேனாவிலேயே ஒலிவாங்கியை வைத்து ஹாரியை அவமானப்படுத்தும் இடம் அருமையானது என்றாலும், அதை அடையச் சற்றுப் பொறுமை வேண்டும். பெண் பாத்திரங்களுக்குப் படம் போதிய இடம் தரவில்லை. ஏமி ஒரே காட்சியோடு மறைந்துவிடுகிறாள். விருந்துக்கு வரும் மெரெடித் என்ற பெண், நாடாக்களைக் களவாடுவதற்காகவே படைக்கப்பட்டவளாகத் தெரிகிறாள். தனிமையை இவ்வளவு கவனமாக எழுதியவர், ஏமியின் தனிமைக்கு இன்னொரு காட்சி ஒதுக்கியிருக்கலாம்.

விரைவான துரத்தல்களை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏற்ற படமன்று. 113 நிமிடம் உட்கார்ந்து கேட்க முடிந்தவர்கள், கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் பார்க்காமல் நல்ல ஹெட்ஃபோனோடு, இரவில், தனியாகப் பாருங்கள். கடைசிக் காட்சியில் தொலைபேசி ஒலிக்கிறது. உமக்குத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியும், உம்மைக் கேட்டுக்கொண்டிருப்போம் என்று ஒரு குரல் சொல்ல, சற்று முன்பு ஹாரி வாசித்த சாக்ஸஃபோன் இசையே அவனுக்குத் திரும்பக் கேட்கிறது. அவன் தன் வீட்டைப் பிரிக்கத் தொடங்குகிறான். சுவர்த்தாளைக் கிழிக்கிறான், தரைப் பலகைகளைப் பெயர்க்கிறான், நெடுநேரம் தயங்கி மாதா சிலையையும் உடைக்கிறான். எங்கும் எதுவும் இல்லை. இடிபாட்டுக்கு நடுவில் அவன் உட்கார்ந்து மீண்டும் வாசிக்க, கேமரா கண்காணிப்புக் கருவியைப் போல இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது.