ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்: குழியைச் சொல்ல நல்ல இடம், அடைக்க வைக்க அல்ல

சாலைக் குழி, குப்பை போன்ற தெருக் குறைகளை உள்ளூர் நிர்வாகத்துக்குச் சொல்ல, பிரிட்டனில் 2007 முதல் மைசொசைட்டி என்ற தொண்டு அமைப்பு நடத்தும் இலவச இணையப் புகார்ச் சேவை ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட். அஞ்சல் குறியீட்டை இட்டு, வரைபடத்தில் இடத்தைத் தொட்டு, வகையைத் தேர்ந்து, படம் சேர்த்தால் போதும்; எந்த நிர்வாகத்துக்கு அனுப்புவது என்பதை அதுவே கண்டுபிடிக்கும். இதன் உண்மையான பலம் இங்கேதான். பல ஊர்களில் சாலைக் குழி கவுன்டி கவுன்சிலின் (பெரிய வட்டாரத்துக்கான உள்ளாட்சி) பொறுப்பு, குப்பை அதற்குள் அடங்கிய மாவட்ட கவுன்சிலின் பொறுப்பு. இந்தப் பிரிவினை உள்ளூர்க்காரருக்கே குழப்பம்.

வகை தவறினால் புகார் வேறு மேசைக்குப் போய்விடும். வரைபடத்தில் வைத்த குறி சற்று விலகினாலும் ஆய்வுக்கு வருபவர் வெறுங்கையோடு திரும்புவார். அதனால் வீட்டு எண்ணையோ மின்கம்ப எண்ணையோ விவரத்தில் எழுதுங்கள். குழியின் அகலம், ஆழத்தையும் குறிப்பிடுங்கள். பெயரை மறைக்கலாம், ஆனால் விவரமும் படமும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும், தொலைபேசி எண்ணை அங்கே எழுதாதீர்கள்.

குறை, நிலைத் தகவல். கவுன்சிலின் மென்பொருளோடு இணைப்பு இல்லாத ஊரில் புகார் வெறும் மின்னஞ்சலாகவே போகிறது; அடைத்த குழியும் 'திறந்தது', அதாவது இன்னும் தீராத புகார், என்றே நிற்கும். 4 வாரம் கழித்து 'சரியானதா?' என்று கேட்டு வரும் மின்னஞ்சலுக்குப் பதில் போடுங்கள். உயிராபத்து என்றால் இது வேண்டாம், நேரே தொலைபேசி.