எலும்பா, ஏடா? கொள்ளைநோய்களில் ஏற்றத்தாழ்வைத் தேடுபவர்களுக்கு

பழைய கொள்ளைநோய்களில் ஏழைகள்தான் அதிகம் இறந்தார்களா? இதை ஆராயக் கிளம்புபவர்கள் தடுமாறும் முதல் இடம்: இடுகாட்டைத் தோண்டுவதா, ஆவணத்தைப் புரட்டுவதா?

யாரைப் பற்றிச் சொல்லும்?
ஏடு: வரி கட்டியவர், உயில் எழுதியவர். கூலியாட்களும் குழந்தைகளும் பெரும்பாலும் விடுபடுவார்கள்.
எலும்பு: புதைக்கப்பட்ட எவரும்.

சாவுக்கு முந்தைய வாழ்க்கை?
ஏடு: அநேகமாக மௌனம்.
எலும்பு: இதன் பலமே இங்குதான். சிறுவயதில் பட்டினியோ கடும் நோயோ வாட்டினால் பல் எனாமலில் கோடு விழும். பிறகு நல்ல சாப்பாடு கிடைத்தாலும் அது மறையாது. 1348-இல் பரவிய கொள்ளைநோய்க்கென்றே லண்டனில் அமைத்த ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டு இடுகாட்டின் எலும்புகளை ஆராய்ந்தபோது, முன்பே நலிந்திருந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. 1918 இன்ஃபுளுவென்சா திடகாத்திரமான இளைஞர்களையும் நலிந்தவர்களைப் போலவே வாரிக்கொண்டு போனது என்ற பேச்சையும் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர அருங்காட்சியகத்திலுள்ள எலும்புத் தொகுப்பை வைத்து 2023-இல் வந்த ஆய்வு ஆட்டங்காண வைத்தது.

நோய் எது?
ஏடு: அன்றைய எழுத்தர் நினைத்தது.
எலும்பு: சட்டென்று கொல்லும் நோய் எலும்பில் தடம் விடாது. பல்லுக்குள் கிருமியின் டிஎன்ஏ கிடைத்தால் அதிர்ஷ்டம்.

காலத் துல்லியம்?
ஏடு: கொள்ளைநோய் தாக்கிய 1665-இல் லண்டன் இறப்புப் பட்டியல்கள் வாரந்தோறும் வந்தன.
எலும்பு: பல பத்தாண்டுகள் முன்பின்னாகும்.

செலவு?
ஏடு மலிவு. எலும்புக்கு ஆய்வகமும் அனுமதியும் வேண்டும்.

நோய் எப்போது, எந்தப் பகுதியில் உச்சம் தொட்டது என்று தேடினால் ஏடு போதும். யார் உடம்பு ஏற்கெனவே தேய்ந்திருந்தது என்று கேட்டால் எலும்புதான். ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டின் காலத்தை உறுதிசெய்ய மட்டும் ஆவணமே கைகொடுத்தது.