கடலைப் படிக்க எந்தப் பட்டம்: விலங்கியலா, கடல் உயிரியலா, மீன்வளமா?

கடல் சார்ந்த படிப்பு என்றதும் வீட்டுப் பெரியவர்கள் கப்பல் வேலையை நினைத்துக்கொள்வார்கள். மரைன் இன்ஜினியரிங்கும் நாட்டிக்கல் சயின்ஸும் கப்பலை ஓட்டுவதற்கான படிப்புகள். கடல்நீரையும் அதில் வாழும் உயிர்களையும் படிக்க விரும்பும் பிளஸ் டூ மாணவருக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் மூன்று வழிகள்தான். மூன்று வருட பி.எஸ்சி. விலங்கியல் முடித்து, எம்.எஸ்சி.யில் கடலுக்குப் போவது ஒன்று. இளங்கலையிலேயே கடல் உயிரியல், கடல் அறிவியல் என்ற பெயருள்ள பட்டத்தில் சேர்வது இன்னொன்று. நான்கு வருட பி.எப்.எஸ்சி., அதாவது மீன்வள அறிவியல், மூன்றாவது.

நான் போனது முதல் வழியில். மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அதையேதான் எடுப்பேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும்.

கட்டணம், விடுதி, ஊரின் தூரம் ஆகியவற்றை அவரவர் வீட்டு நிலைமைதான் தீர்மானிக்க வேண்டும். பாடத்திட்டத்தில் உள்ள வேறுபாடும் வெளியில் தெரியும் அளவுக்குப் பெரியதல்ல. கடல் உயிரியலை இளங்கலையிலேயே படித்துவிட்டு வந்தவர்கள் என் எம்.எஸ்சி. வகுப்பிலும் இருந்தார்கள். முதல் பருவத்தில் மிதவை உயிரிகளின் பெயர்களை எங்களைவிட வேகமாகச் சொன்னார்கள். அடுத்த பருவத்தில் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. மரபியல், உயிர்வேதியியல், செல் உயிரியல் என்று வந்தபோது விலங்கியல்காரர்களுக்குத்தான் கால் ஊன்ற இடம் இருந்தது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் உயிர் அறிவியல் தாளும் இந்த அடிப்படைகளைத்தான் தோண்டித் தோண்டிக் கேட்கிறது.

என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது பட்டச் சான்றிதழில் அச்சாகும் பாடத்தின் பெயர். பதினேழு வயதில் யாரும் இதை யோசிப்பதில்லை. அந்த வயதில் யோசிக்க வேண்டியதும் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வயதில் வேலை அறிவிப்பில் ‘கல்வித் தகுதி’ என்ற வரியைப் படிக்கும்போது எல்லாம் அந்தப் பெயரில்தான் வந்து நிற்கிறது.

இந்திய வனப்பணித் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டப்படிப்பில் இருந்தாக வேண்டிய பாடங்கள் என்று யூ.பி.எஸ்.சி. தரும் பட்டியலில் விலங்கியல், தாவரவியல், வேதியியல், இயற்பியல், நிலவியல், கணிதம், புள்ளியியல், கால்நடை அறிவியல் ஆகியவை உண்டு. வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டதாரிகளும் எழுதலாம். கடல் உயிரியல் அந்தப் பட்டியலில் இல்லை. இதற்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் இருக்கும் 21 தீவுகளைச் சுற்றிய கடல் தேசியப் பூங்கா 1986 முதல் வனத்துறையின் கையில்தான் இருக்கிறது. பாக் விரிகுடாவில் 2022-இல் அறிவிக்கப்பட்ட கடற்பசு பாதுகாப்பகமும் வனத்துறையின் பொறுப்புதான். பவளப்பாறையையும் கடற்புல்லையும் காக்கும் நாற்காலிக்கான தேர்வை விலங்கியல் பட்டதாரி எழுதலாம். கடலின் பெயரையே தாங்கிய பட்டம் வைத்திருப்பவர் தன் மதிப்பெண் பட்டியலை நீட்டி, இதில் விலங்கியல் ஒரு பாடமாக இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆனாலும் விதி அதுதான்.

பள்ளி ஆசிரியர் வேலையிலும் இதே கதை. விலங்கியல் பட்டத்தோடு பி.எட். முடித்தால் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் தகுதியில் சிக்கல் இல்லை. பெயர் மாறிய பட்டமாக இருந்தால், அது விலங்கியலுக்கு இணையானது என்ற அரசாணை வேண்டும். தமிழ்நாட்டில் இந்தக் கோரிக்கைகள் உயர்கல்வி மன்றத்தின் இணைத்தன்மைக் குழுவுக்குப் போய், பிறகு அரசாணையாக வெளிவரும். சில பட்டங்களுக்கு இணை என்று வரும். சிலவற்றுக்கு இணையில்லை என்றே வந்துவிடும். சான்றிதழ் சரிபார்ப்பு நாளன்று வரிசையில் நின்று அதைத் தெரிந்துகொள்ளும் நிலை யாருக்கும் வரக்கூடாது. நான் சொல்லும் வழியிலும் இந்த ஓட்டை முழுதாக அடைபடுவதில்லை. எம்.எஸ்சி. கடல் உயிரியலோடு முதுகலை விலங்கியல் ஆசிரியர் பணிக்குப் போனால் அங்கும் இணைத்தன்மைக் கேள்வி எழும். ஆனால் கையில் விலங்கியல் இளங்கலை இருப்பதால், எம்.எஸ்சி.யை எதில் செய்வது என்று யோசிக்க மூன்று வருட அவகாசம் கிடைக்கிறது. அதற்குள் கடல் ஆசை வற்றினாலும் பட்டம் வீணாகாது.

வற்றாதவர்களுக்கு இடம் நிறைய இருக்கிறது. வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் வளாகம், ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம், அந்தமானில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் துறை, கொச்சியில் குசாட் எனும் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று பல கதவுகள். விலங்கியல்காரரை இவை வெளியாளாகப் பார்ப்பதில்லை.

இளங்கலையில் துணைப்பாடமாக வரும் வேதியியலை யாரும் மதிப்பதில்லை. அதன் அருமை கழிமுகத்தில் படகில் உட்கார்ந்து நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும்போது தெரியும். குமிழி ஒன்றுகூட நுழையாமல் கண்ணாடிப் புட்டியில் நீரை நிரப்ப வேண்டும். இரண்டு கரைசல்களைச் சேர்த்ததும் பழுப்பு நிற வீழ்படிவு மெல்ல அடியில் இறங்கும். கரைக்கு வந்து அமிலம் விட்டால் அது கரைந்து தேநீர் மஞ்சளாகும். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் வெளிறும்போது ஸ்டார்ச் சேர்த்தால் கருநீலம். பியூரெட்டின் அடுத்தடுத்த துளிகளில் அந்த நீலம் சட்டென்று மறையும் இடத்தில் கையை நிறுத்த வேண்டும். ஒரு துளி தாண்டினாலும் கணக்கு தப்பு. விலங்கியல் ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில் பழகிய கைக்கு அது தானாக வரும்.

பி.எப்.எஸ்சி.யைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் தூத்துக்குடிக் கல்லூரி 1977-இல் தொடங்கியது. பொன்னேரியிலும் தலைஞாயிறிலும் கல்லூரிகள் உண்டு. வீட்டில் சம்பளம் சீக்கிரம் வந்தாக வேண்டும், இடமும் கிடைக்கிறது என்றால் தயங்காமல் அங்கே சேரலாம். இது தொழிற்படிப்பு. இறால் குஞ்சுப் பொரிப்பகம், தீவன நிறுவனம், மீன் பதப்படுத்தும் ஆலை, மீன்வளத்துறை என்று வேலை நேராக இருக்கிறது. வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வில் மீன்வள அறிவியல் பெயர் சொல்லியே இடம்பெறுகிறது. ஆனால் அங்கே கடல் பல பாடங்களில் ஒன்று. குளமும் பண்ணையும் பதனிடுதலும் பொருளாதாரமும் அதே அளவு இடம் பிடிக்கும். நான் அந்த வகுப்பறையில் உட்கார்ந்ததில்லை. அங்கே படித்த நண்பர்கள் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். மேலே எம்.எப்.எஸ்சி. என்ற மீன்வள முதுகலைக்குப் போக வேண்டுமானால் பி.எப்.எஸ்சி.தான் வாசல் என்பதையும் கணக்கில் வையுங்கள். விலங்கியல் வழியில் வருபவருக்கு அந்தக் கதவு ஏறத்தாழ மூடியிருக்கிறது.

அலை, நீரோட்டம், புயல், கடல் வெப்பம் என்று மனம் போகிறவர்கள் மேலே சொன்ன எதையும் எடுக்க வேண்டாம். அவர்களுக்கு பி.எஸ்சி. இயற்பியலோ கணிதமோதான் பொருத்தம். அதற்குப் பிறகு கொச்சியில் கடலியல் முதுகலை படிக்கலாம். அந்தப் பக்கம் எனக்கு அனுபவம் மிகக் குறைவு. அந்தத் துறையில் இருப்பவர்களையே கேளுங்கள்.

கடல் உயிரியல் பெயரிலான இளங்கலையில்தான் சேருவேன் என்று தீர்மானித்தவர்கள், பணம் கட்டுவதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். அந்தப் பட்டம் விலங்கியலுக்கு இணை என்று அரசாணை இருக்கிறதா? இருந்தால் அதன் எண்ணும் தேதியும் என்ன? வாய்மொழியாக ‘இருக்கிறது’ என்றால் போதாது. நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.