குதிரைக்குட்டிக்கான சீம்பால் பொடி: பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரின் கிராஞ்சியில் எங்கள் லாயத்தில் பிறந்த குட்டிக்காக, கால்நடை மருத்துவரைக் கேட்டு வாங்கிய பொடி இது. வெதுவெதுப்பான நீரில் கட்டியின்றிக் கரைகிறது. புட்டியின் அடியில் மண்டி தங்குவதில்லை. குட்டியும் முகத்தைத் திருப்பாமல் குடித்தது. ஆயினும், குதிரையின் நஞ்சுக்கொடி வழியே நோய் எதிர்ப்புப் புரதங்கள் குட்டிக்குச் செல்வதில்லை என்பதாலும், அவற்றை உறிஞ்சும் குடலின் ஆற்றல் பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய அற்றுவிடும் என்பதாலும், மாட்டுச் சீம்பாலில் செய்த இதனைத் தாயின் சீம்பாலுக்கு மாற்றாகக் கருதவே கூடாது. இவ்வளவு முக்கியமான எச்சரிக்கையை உறையின் பின்புறம் சிற்றெழுத்தில் அச்சிட்டிருப்பது வருத்தமளிக்கிறது. குட்டியின் இரத்தத்தில் ஐஜிஜி (IgG) எனும் நோய் எதிர்ப்புப் புரதத்தின் அளவு டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்குக் குறையவில்லை என்று சோதித்தறிந்த பின், துணை உணவாக மட்டும் தரலாம். சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் திறந்த டப்பா விரைவில் கட்டிதட்டுவதால், சிறிய டப்பாவே போதும்.