பழைய தமிழ் நூல்களுக்கு டெசராக்ட்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

நூலகத்துப் பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கினால் கிடைப்பது வெறும் படம்தான். அதில் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது. அந்தப் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்துத் தரும் மென்பொருள் டெசராக்ட். ஹெச்பி நிறுவனத்தில் உருவாகி, 2005இல் திறமூலமானது. 2018இல் வந்த 4ஆம் பதிப்பிலிருந்து செயற்கை நரம்பு வலையைக் கொண்டு வாசிக்கிறது. காசு கிடையாது, இணையம் வேண்டாம், சாதாரணக் கணினியே போதும். சிறு நூலகம் ஒன்று தயங்காமல் இதில் தொடங்கலாம்.

கணினியில் அச்சுக்கோத்த புத்தகம் என்றால் வேலை சுலபம். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். அடிக்குறிப்பு பொடி எழுத்தாக இருந்தால் 400. டெசராக்ட் பிடிஎஃப்பை நேரடியாக வாங்கிக்கொள்ளாது, பக்கங்களை டிஃப் படங்களாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். டெசராக்டுக்குக் கொடுக்கும் முன் ஸ்கேன் டெய்லர் என்ற மென்பொருளில் சாய்வை நிமிர்த்தி, ஓரத்துக் கறுப்பை வெட்டிவிடுங்கள். தையல் பக்கம் வரி வளைந்திருந்தால் சொற்கள் அங்கேதான் சிதையும். இரண்டு பத்தியாக அச்சான இதழுக்குப் பக்க அமைப்பு எண் (psm) 3, ஒரே கட்டமாக உள்ள செய்யுளுக்கு 6. ஆங்கிலம் கலக்காத பக்கத்துக்குத் தமிழ் மொழிக்கோப்பை, அதாவது தமிழ் எழுத்தை வாசிக்கப் பழக்கிய கோப்பை, மட்டும் கொடுங்கள்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில்தான் சிக்கல். ‘ணை, லை, ளை, னை’ எல்லாம் அப்போது தலைக்கு மேல் துதிக்கை வைத்திருந்தன. ‘ணா, றா, னா’வுக்குத் தனிக் கால் கிடையாது, கீழே சுழித்திருக்கும். டெசராக்டின் தமிழ்க் கோப்பு பெரும்பாலும் இன்றைய எழுத்துருக்களைப் பார்த்துப் பழகியது. அதனால் ‘வேலை’, ‘ஆனால்’ போன்ற அன்றாடச் சொற்கள் வரும் இடமெல்லாம் தடுமாறும். டிஎஸ்வி என்னும் அட்டவணை வடிவ வெளியீட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் 0 முதல் 100 வரை உறுதி எண் கிடைக்கும். எண் குறைந்த பக்கங்களை முதலில் மெய்ப்பு பாருங்கள். ஆனால் எண் கூடுதலாக இருப்பதாலேயே வாசிப்பு சரி என்று விட்டுவிடாதீர்கள். தவறாகப் படித்த எழுத்துக்கும் உயர்ந்த எண் விழும். ஒரே அச்சகத்து நூல்கள் நிறைய இருந்தால், சில நூறு வரிகளைப் படமும் சரியான எழுத்துமாகத் தட்டச்சிட்டு, டெசராக்டின் ‘பெஸ்ட்’ வகை மொழிக்கோப்புக்கு மேற்பயிற்சி தருவது பலன் தரும். அந்தத் தட்டச்சு நூலகர் வேலைதான். பழைய எழுத்தை வாசிக்கத் தெரிந்த கண் அதற்குத் தேவை.

தேய்ந்த ஈய எழுத்தில் புள்ளி உதிரும், காலும் ‘ர’வும் இடம் மாறும். இவற்றைவிட நுட்பமானது ‘ஔ’. ஒற்றை எழுத்தாக வர வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக விழுந்துவிட்டால், கண்ணுக்கு ஔவையார்தான், தேடலில் அகப்படமாட்டார். ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோட் இயல்பாக்கமும் இதைத் திருத்தாது. மொத்தமாகத் தேடி மாற்றினால் ‘ஒளி’ போன்ற சொற்களும் கெட்டுப்போகும், சொல் சொல்லாகத்தான் மாற்ற வேண்டும்.

இப்போது பலர் செய்வது, பிழை மலிந்த எழுத்தைச் செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலியில் போட்டுத் திருத்தச் சொல்வது. இதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. ‘வந்திருக்கிறாரென்று’ என்று சேர்ந்திருப்பதை அது பிரித்துவிடும், வழக்கொழிந்த சொல்லை இன்றைய சொல்லாக்கிவிடும். வாக்கியம் ஒழுங்காக ஓடுவதால் மெய்ப்பு பார்ப்பவர் கண்ணுக்கும் தப்பும். பதிப்பின் சொல்வடிவத்தை நம்பி வரும் ஆய்வாளருக்கு அது பெரிய இழப்பு. ஐயமான சொற்களைக் குறித்துத் தர மட்டும் பயன்படுத்துங்கள். மாற்றுவது படத்தைப் பார்த்து மனிதர் செய்யட்டும்.

வாசகருக்குப் படமும் அதன் அடியில் மறைந்த எழுத்தும் கொண்ட பிடிஎஃப்பைக் கொடுங்கள். மூலப் படம், திருத்தாத வெளியீடு, திருத்திய எழுத்து மூன்றையும் தனித்தனியே வையுங்கள். டெசராக்டின் எந்தப் பதிப்பு, எந்த மொழிக்கோப்பு, எந்தத் தேதி என்பதையும் கூடவே எழுதிவையுங்கள். நாளை மேலான கோப்பு வரும்போது எந்த நூல்களை மறுபடி ஓட்ட வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.