சுருக்குப்பையில் இருந்த மலாயா வெள்ளி

சிங்கப்பூரிலிருந்து இந்தத் தடவை கீழக்கரைக்கு வந்தது வீட்டைப் பழுதுபார்க்கத்தான். பரணை ஒழித்தபோது உம்மாவின் தகரப்பெட்டியில் ஒரு சுருக்குப்பை கிடைத்தது. உள்ளே பாட்டனார் பினாங்கில் கடை வைத்திருந்த காலத்துக் காசுகள். விற்றால் கொத்தனார் கூலிக்காவது ஆகும் என்று நினைத்தோம்.

இராமநாதபுரத்தில் ஒரு நகைக்கடையில் காட்டினேன். மொத்தமாகத் தராசில் கொட்டி ஒரே விலை சொன்னார்கள். வருடத்தைக்கூடப் பார்க்கவில்லை. மனசு ஒப்பாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அப்புறம் மச்சான் மண்டபத்தில் காசு சேர்க்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் கூட்டிப்போனார். காசின் முகத்தில் விரல் படாமல், விளிம்பைப் பிடித்துத்தான் ஒவ்வொன்றையும் எடுத்தார். ஜார்ஜ் மன்னர் ரூபாய்களை வருடவாரியாகப் பிரித்தார். எல்லாம் 11.66 கிராம்தான். ஆனால் 1940-க்கு முந்தையதில் வெள்ளி 91 சதவீதத்துக்கு மேல், அதன் பிறகு வந்ததில் பாதிதான். ஒரே விலை எப்படிச் சரியாகும்? வி.ஓ.சி. என்ற டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை போட்ட செப்புக்காசுகளும் சில இருந்தன. நம் வாயில் புழங்கும் ‘துட்டு’ அந்தக் காசின் பெயர்தானாம். தேய்ந்துபோனதால் பெரிய விலை இல்லை என்றார்.

கடைசியாக 1904-ஆம் வருட மலாயா வெள்ளி, அதாவது அந்தக் காலத்து டாலர் காசு. ஒரு பக்கம் எட்வர்ட் மன்னர், மறுபக்கம் சீன எழுத்தும், மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி எழுத்தும். லென்ஸை என் கையில் கொடுத்தார். மன்னரின் கன்னத்தில் மயிரிழை மாதிரிக் கீறல்கள், எழுத்துகளின் இடுக்கில் மட்டும் பழைய கறுப்பு. "புளி போட்டீங்களா தம்பி?" என்றார். முந்தின நாள்தான் லாத்தா (அக்கா), பளபளவென்று இருந்தால் நல்ல விலை போகும் என்று தேய்த்து வைத்திருந்தாள். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தரச்சான்று நிறுவனங்கள் 1 முதல் 70 வரை மதிப்பெண் போடுகின்றன. தேய்த்துக் கழுவிய காசுக்கு எண்ணே கிடையாது, ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதிவிடுவார்களாம். கேட்டதும் நெஞ்சு கனத்துவிட்டது.

சரி, சிங்கப்பூருக்காவது எடுத்துப்போய்க் காட்டலாமா என்றேன். அதற்கும் தடுத்தார். நூறு வருடம் தாண்டிய நாணயம் 1972-ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள், நாம் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. எனக்கு இது தெரியவே தெரியாது. ஊருக்கு வருகிற நம் ஆட்கள் பையைக் கட்டுமுன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1940-க்குப் பிந்தைய ரூபாய்களை மட்டும் மதுரையில் ஒரு நாணய வியாபாரியிடம் விற்றோம். மலாயா வெள்ளியை லாத்தா காகித உறையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறாள். அதை இனி விற்பதாக இல்லை.