டியூவைக் குறைக்க லாரியை எக்ஸ்சேஞ்சில் விடலாமா? ஷோரூம் எக்ஸ்சேஞ்ச் சேவை குறித்து ஒரு மதிப்பீடு

பழைய லாரியைக் கொடுத்து, அதன் விலையைக் கழித்துப் புது லாரி எடுப்பதுதான் எக்ஸ்சேஞ்ச். லாரி ஷோரூம்கள் தரும் இந்தச் சேவை, பழைய வண்டியை அலைச்சல் இல்லாமல் கைமாற்ற நல்ல வழி. மாத டியூவை, அதாவது கடன் தவணையைக் குறைக்க அது பெரும்பாலும் நல்ல வழி அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போகிறவர்கள்தான் நஷ்டப்படுகிறார்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ஒன்றிரண்டு வண்டி வைத்து ஓட்டுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. கம்பெனிப் பெயர் எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 10 சக்கர டாரஸ் (மூன்று அச்சு லாரி) ஒன்று. கடன் 28 லட்சம், 60 மாதம், குறையும் வட்டி (பாக்கி அசலுக்கு மட்டும் போடும் வட்டி) 10.5 சதவீதம். டியூ சுமார் 60,180 ரூபாய். 30 டியூ கட்டியாகிவிட்டது. 60 மாதத்தில் பாதி முடிந்ததால் பாதிக் கடன் தீர்ந்திருக்கும் என்று தோன்றும். தீர்ந்திருக்காது. பிந்தைய டியூக்களைவிட ஆரம்ப டியூக்களில் வட்டிப் பங்கு அதிகம் என்பதால் அசல் பாக்கி இன்னும் 15.82 லட்சம் நிற்கும். எக்ஸ்சேஞ்சில் விடுவதென்றால் இந்தக் கடனை இடையில் அடைக்க வேண்டும். அடைப்புக் கட்டணம் 4 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் 63,280 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 11,390 ரூபாய். மொத்தம் சுமார் 16.57 லட்சம் போய்விடும். மாறும் வட்டிக் கடனுக்கு ரிசர்வ் வங்கி தந்திருக்கும் அடைப்புக் கட்டணச் சலுகையை நம்பிப் போகாதீர்கள். லாரிக் கடன் பெரும்பாலும் நிலையான வட்டியில் போடப்படுவது.

ஷோரூமில் வண்டிக்கு 19 லட்சம் விலை வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடன் போக மிச்சம் 2.43 லட்சம். டியூ குறைய வேண்டும் என்றால் டாரஸுக்குப் பதில் 6 சக்கர வண்டிக்கு இறங்க வேண்டும். பாடி, இன்சூரன்ஸ், வரி எல்லாம் சேர்த்து 26 லட்சம். கையில் உள்ள 2.43 லட்சத்தை முன்பணமாகப் போட்டு மீதி 23.57 லட்சத்துக்கு அதே வட்டியில் 60 மாதக் கடன் எடுத்தால் டியூ 50,660. மாதம் 9,500 ரூபாய் குறைந்துவிட்டது, உண்மைதான். ஆனால் பழைய கடனில் பாக்கி இருந்தது 30 டியூ, மொத்தம் 18.05 லட்சம். இப்போது 60 டியூ, மொத்தம் 30.4 லட்சம்.

டன் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். டாரஸ் 18 டன் ஏற்றினால் டன்னுக்கு மாத டியூ 3,340 ரூபாய். 6 சக்கர வண்டி பதினொன்றரை டன் ஏற்றினால் டன்னுக்கு 4,400. டியூ குறைகிறது, ஆனால் டியூவைச் சம்பாதித்துத் தரும் சுமை அதைவிட வேகமாகக் குறைகிறது. வாடகை டன் கணக்கில் பேசும் சிமென்ட், ஜல்லி, நெல் லோடுகளில் இது நேரடியாக அடிக்கும். ஐந்து வருடம் கழித்துக் கையில் வயது குறைந்த வண்டி இருக்குமே என்று கேட்கலாம். இருக்கும். ஆனால் டாரஸை வைத்திருந்தால் இரண்டரை வருடத்தில் டியூவே இல்லாத வண்டி ஓடும். லாரித் தொழிலில் பணம் சேர்வது அந்த டியூ இல்லாத வருடங்களில்தான்.

ஷோரூம்காரர் சொல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதே வண்டியை வைத்துக்கொண்டு கடனை மட்டும் நீட்டிப்பது. 15.82 லட்சம் பாக்கியை 12.5 சதவீத வட்டியில் 48 மாதத்துக்கு மாற்றினால் டியூ 42,050. வட்டி கூடியும் மாதம் 18,000 ரூபாய் குறைகிறது. இதற்கு விலை, மொத்தத்தில் 2.13 லட்சம் கூடுதலாகக் கட்டுவது. வேறு ஃபைனான்ஸுக்கு மாற்றினால் அடைப்புக் கட்டணமும் சேர்ந்து கடன் 16.57 லட்சமாகி, டியூ 44,040 வரும். அப்போதும் எக்ஸ்சேஞ்சை விடக் குறைவு. எனவே எக்ஸ்சேஞ்ச் விலை கேட்கும் முன், இப்போது கடன் கொடுத்திருக்கும் இடத்தில் ரீஃபைனான்ஸ் விலை கேளுங்கள். டியூ பவுன்ஸ் ஆவதற்கு முன் கேளுங்கள். ஒன்றிரண்டு டியூ நின்ற பிறகு போனால் அதே நீட்டிப்பு 'கடன் மறுசீரமைப்பு' ஆகிவிடலாம். அது கடன் வரலாற்றில் தெரியும், அடுத்த வண்டி எடுக்கும்போது வட்டியில் காட்டும்.

எந்தக் கடன் வாங்கினாலும் 'முக்கியத் தகவல் அறிக்கை' என்ற தாளை வாங்கிப் படியுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும் அது கட்டாயம். கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த ஆண்டு வட்டி அதில் ஒரே எண்ணாக இருக்கும். "ஏழு பர்சென்ட்தான் சார்" என்று வாய்வழியாகச் சொல்வது ஃப்ளாட் வட்டி, அதாவது அசல் குறையக் குறையவும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே போடும் வட்டி. 60 மாதத்துக்கு ஃப்ளாட் 7 சதவீதம் என்றால் குறையும் வட்டியில் அது 12.5 சதவீதம். லட்சத்துக்கு 2,250 ரூபாய் டியூ வருகிறதா என்று பெருக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி சேவையின் தரத்துக்கு வருவோம். எக்ஸ்சேஞ்ச் கவுன்டரில் வண்டியை மதிப்பிடுகிறவர் பொதுவாக விஷயம் தெரிந்த ஆள். அவர் கண் எங்கே போகிறது என்று தெரிந்தால் நம் பக்கம் தயாராகப் போகலாம். முதலில் டயர். பத்து டயரும் ஸ்டெப்னியும் எவ்வளவு பட்டன் (தேயாத மேல்பரப்பு) நிற்கிறது, முன் அச்சில் ரீட்ரெட் (பழைய டயரில் புது ரப்பர் ஒட்டியது) போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். ரேடியல் டயர் ஒன்று 20,000 ரூபாய்க்கு மேல் என்பதால் நான்கு டயர் வழுக்கையாக இருந்தாலே விலையில் ஒரு லட்சம் வரை இறங்கும். அடுத்து, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறப்பார். புகை குபுகுபுவென்று அடித்தால் ரிங், லைனர் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இன்ஜின் வேலைக்கான செலவைக் கழித்துவிட்டுத்தான் விலை சொல்வார். பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டி என்றால் ஸ்கேனர் மாட்டிப் பிழைக் குறிகளை எடுப்பார். புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்ப்ளூ சிஸ்டத்தில், குறிப்பாக அதன் நாக்ஸ் சென்சாரில் கோளாறு நின்றால் மதிப்பு நன்றாக விழும். சென்சாரை மாற்றாமல் அது சரியாக இருப்பதுபோல் காட்டும் ஏமாற்று எமுலேட்டர் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிச் சரிசெய்யும் செலவையும் நம் தலையில்தான் வைப்பார்கள்.

கடைசியில் படுத்துக்கொண்டு சேஸிஸைப் பார்ப்பார். ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருக்கும் பிராக்கெட் பக்கத்தில் வெல்டிங் அடித்த தடம், குறுக்குச் சட்டத்தில் தளர்ந்த ரிவெட், புதுப் பெயின்ட் மட்டும் அடித்த இடம் எல்லாம் ஓவர்லோடு ஓடிய கதையைச் சொல்லிவிடும். சேஸிஸ் நம்பர் மீது தாளை வைத்துப் பென்சிலால் உரசி அச்சு எடுப்பார்கள். ஒரு எண் மங்கி அச்சில் விழாவிட்டாலும் ஆர்.டி.ஓ.வில் இழுபறிதான். அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தொட்டுத் துரு துடைத்துவிட்டுப் போங்கள். கிரைண்டர் பக்கமே கொண்டு போகாதீர்கள். தேய்ந்த எண்ணைத் திருத்திய எண்ணாகத்தான் பார்ப்பார்கள்.

கோளாறுகளை எல்லாம் சரிசெய்துவிட்டுக் கொண்டுபோக வேண்டுமா? பல்பு, கண்ணாடி, பேட்டரி, ஆயில் கசிவு போன்ற சில்லறை வேலைகளைச் செய்யுங்கள், போட்ட காசு திரும்பும். இன்ஜின் வேலை, புது டயர் செட் வேண்டாம். அந்தப் பணம் விலையில் முழுசாகத் திரும்பி வராது.

எக்ஸ்சேஞ்ச் சேவையின் பெரிய குறை விலைச்சீட்டில் இருக்கிறது. பழைய வண்டிக்கு ஒரு லட்சம் கூட்டிக் கொடுத்து, புது வண்டியில் தரவேண்டிய ரொக்கத் தள்ளுபடியில் ஒரு லட்சத்தைக் குறைத்துவிடலாம். எனவே இரண்டு தாள் கேளுங்கள். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல், ரொக்கத்துக்குப் புது வண்டி கடைசி விலை என்ன என்பது ஒரு தாள். எக்ஸ்சேஞ்சோடு என்ன என்பது மற்றொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பழைய வண்டிக்கு அவர்கள் உண்மையில் தரும் விலை. அதைப் புரோக்கர் சொல்லும் வெளி விலையோடு ஒப்பிடுங்கள். வெளியில் 50,000 ரூபாய் கூட வந்தாலும், அலைச்சலும் பேப்பர் வேலையும் கணக்கில் வைத்தால் ஷோரூமே மேல் என்பது என் எண்ணம். ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் வெளியில் விற்றுவிட்டுப் பணத்தோடு போங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது நினைவிருக்கட்டும். வரியோடு 38 லட்சமாக இருந்த வண்டி அந்தக் கணக்கில் 35 லட்சமாகிறது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் இறங்கும். அதற்கு முன் 28 சதவீதம் கட்டி வாங்கி, கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்காதவர்களுக்குத்தான் இந்த அடி. மதிப்பீட்டாளர் சொல்லும் விலை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம், எல்லாம் ஏமாற்று அல்ல.

எக்ஸ்சேஞ்ச் உண்மையிலேயே சரியாக வரும் இடங்களும் உண்டு. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) வருடா வருடம். அதற்கு முன் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான். நேஷனல் பெர்மிட் இரண்டு அச்சு வண்டிக்கு 12 வருடம், மல்டி ஆக்சிலுக்கு 15 வருடம். அந்த எல்லை நெருங்கும்போது வெளிமாநில லைனில் ஓடும் வண்டி விலை படியிறங்கும். அதற்கு ஒரு வருடம் முன்பே கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். லோடு மாறிவிட்டால், அதாவது கனமான சரக்கை விட்டுப் பார்சல், முட்டை போன்ற இடம் அடைக்கும் சரக்குக்குப் போய்விட்டால், டன் கணக்கு பொருந்தாது. நீளப் பாடி போட்ட சின்ன வண்டி சரி. ரிப்பேர் செலவைப் பன்னிரண்டு மாதத்துக்குக் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். அது பழைய, புது டியூவின் வித்தியாசத்தைவிட அதிகமாகிவிட்டாலும் மாற்றலாம்.

மாற்றுவது என்று முடிவெடுத்தால் பாடி கட்டும் காலத்தை மறக்க வேண்டாம். பாடி இல்லாமல் வெறும் சேஸிஸாக எடுத்தால் பாடிப் பட்டறையில் ஒரு மாதமாவது நிற்கும். கடன் பணம் வழங்கிய நாளிலிருந்தே டியூ ஓட ஆரம்பித்துவிடும். வண்டி ரோட்டில் ஓடும் முன்பே ஒன்றிரண்டு டியூ கட்ட வேண்டி வரும். அந்தப் பணத்தைத் தனியே எடுத்து வைக்காமல் ஒப்பந்தத்தில் கை வைக்காதீர்கள். கம்பெனியிலேயே பாடியோடு வரும் வண்டி என்றால் இந்தத் தொல்லை இல்லை.

எந்தச் சூழலிலும் தொடக் கூடாத ஒரு வழி இருக்கிறது. "வண்டியைக் கொடுங்க அண்ணா, மீதி டியூவை நான் கட்டிக்கிறேன்" என்று ஒருவர் முன்வருவது. எழுத்தில் எதுவும் இல்லாமல் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். அவர் இரண்டு டியூ கட்டிவிட்டு நிறுத்தினால் கடன்காரராக நிற்பது ஆர்.சி.யில் பேர் உள்ளவர்தான். அதைவிட மோசம் விபத்து. ஆர்.சி. மாறாத வரை நஷ்டஈட்டு வழக்கில் பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் முடிந்திருந்தால் அந்தத் தொகை முழுவதும் பழைய ஓனர் தலையில் விழும்.

ஷோரூம் எக்ஸ்சேஞ்சிலும் இந்த ஆபத்து ஓரளவு உண்டு, காரணம் வண்டி அங்கே பல வாரம் நின்று பிறகு மூன்றாவது ஆளுக்குப் போகும். பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்கள் அங்கீகாரம் பெறும் விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அங்கீகாரம் உள்ள டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் போர்ட்டலில் தெரிவித்தால் பொறுப்பு டீலருக்கு மாறும். 29சி போடுவார்களா என்று முதல் நாளே கேளுங்கள். போட மாட்டோம் என்றால் வேறு ஷோரூம் பாருங்கள்.

பேப்பர் வரிசை இது: ஃபைனான்ஸில் அடைப்புத் தொகைச் சீட்டு, பணம் கட்டிய ரசீது, என்.ஓ.சி. (ஃபைனான்ஸ் தரும் ஆட்சேபணை இல்லாச் சான்று), ஆர்.சி.யில் உள்ள எச்.பி. (கடன் அடமானப் பதிவு) நீக்கப் படிவம் 35, பிறகு உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. என்.ஓ.சி. பொதுவாக 90 நாள்தான் செல்லும். வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டால் மறுபடி அலைய வேண்டும். காலாண்டு வரி, நிலுவையில் உள்ள இ-சலான் எல்லாம் தீர்த்துவிடுங்கள். ஒரு சலான் நின்றாலும் பெயர் மாற்றம் நகராது. ஃபாஸ்டேக்கை மூடிவிடுங்கள். அதை மற்றவர் பெயருக்கு மாற்ற முடியாது, மூடாவிட்டால் டோல் உங்கள் கணக்கிலிருந்து போகும். இன்சூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ க்ளெய்ம் போனஸ் வண்டியோடு போகாது, ஓனரோடு வரும். அதற்கான கடிதத்தை வாங்கிப் புது லாரியின் பாலிசியில் கழிக்கச் சொல்லுங்கள்.

சாவி கொடுக்கும் அன்று ஒப்படைப்புச் சீட்டில் தேதி மட்டும் போதாது. மணி, கிலோமீட்டர் ரீடிங், டயர் நம்பர்கள், ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய், கயிறு எல்லாம் எழுதி ஷோரூம் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். பழைய கடன் அடைந்ததற்கான ரசீது கைக்கு வராமல் அசல் ஆர்.சி.யைக் கொடுக்காதீர்கள். கடனை அடைக்கும் பணத்தை ஷோரூம் நேரடியாக ஃபைனான்ஸ் கணக்குக்கு அனுப்பட்டும், பரிவர்த்தனை எண் அந்த நாளே உங்கள் கைக்கு வரட்டும். ஒரு வாரம் தாமதமானாலும் இடையில் வரும் டியூ உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்.